கொக்கி அங்கிளின் முறுக்கு டின்

உலகத்திலேயே தன் கடையை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று பாடுபட்ட ஒரே வியாபாரி எங்கள் பிரிக்பீல்ட்ஸ் கொக்கி அங்கிள்தான். பெயர்ப்பலகை கிடையாது. விளம்பரம் கிடையாது. மளிகைக் கடைக்கு மேலே, வெங்காய மூட்டைகளைத் தாண்டி ஏறினால் ஓர் அறை. அதில் ஒரு தையல் மெஷின், ஒரு தொலைபேசி. யாராவது தெரியாத்தனமாகப் படியேறி வந்து கதவைத் தட்டினால், உள்ளேயிருந்து அவரே "ஆள் இல்லை!" என்று குரல் கொடுப்பார்.

அப்படியும் கிள்ளானிலிருந்து ரவாங் வரை தமிழ்ப் பெண்களில் பாதிப் பேர் அவருடைய வாடிக்கையாளர்கள் என்பது என் சந்தேகம். மீதிப் பாதியும் அப்படித்தான் என்பது என் மனைவியின் சந்தேகம். இரண்டையும் நிரூபிக்க முடியாது. அவரிடம் வாங்கியவர்கள் யாரும் வாங்கியதாக ஒப்புக்கொண்டதே இல்லை.

அவர் விற்றது ஒரே ஒரு பொருள்: கட்டத் தேவையில்லாத சேலை. கொசுவத்தை முன்கூட்டியே மடித்துத் தைத்து, இடுப்பில் பட்டை வைத்து, பக்கவாட்டில் ஜிப் போட்டு, முந்தானை நிற்கத் தோளில் கொக்கிகள் வைத்திருப்பார். பாவாடைக்குள் நுழைவதுபோல நுழைந்து, ஜிப்பை இழுத்து, கொக்கியை மாட்டினால் போதும். ஜீன்ஸிலேயே வளர்ந்த பெண், சாமி படத்துக்கு முன்னால் நிற்கத் தயார். மனிதர் அதற்குமுன் செந்தூல் ரயில் பட்டறையில் பெட்டி இருக்கைகளுக்கு உறை தைத்தவர். அதே ஊசி, அதே நூல். ரயில் கவிழ்ந்தாலும் அவர் போட்ட தையல் பிரியாது.

இப்போது அவர் நினைவு வரக் காரணம் என் மகள் மாலதி. போன மாதம் நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து, இன்டர்நெட்டில் துணிக்கடை வைக்கப் போவதாக அறிவித்தாள்.

"கடை எங்கேம்மா?"

"கம்ப்யூட்டர்லப்பா."

"ஆளுங்க எப்படி வருவாங்க?"

"வரவே மாட்டாங்க. அதுதான் விசேஷமே."

அன்றிலிருந்து நான் ஹாலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். என் மனைவி சோபாவைச் சுவரோரம் தள்ளிப் போட்டு எனக்கு வழி விட்டிருக்கிறாள். "எல்லாத் துணியும் விக்க மாட்டேம்பா. ஒரே மாதிரி உடுப்பு, அது இல்லாம முடியாதுங்கிற ஆளுங்களுக்கு மட்டும்" என்கிறாள் மகள். இந்தத் தத்துவம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பயமே. இந்த மாதிரி வியாபாரம் செழிக்க என்ன தேவை என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். பார்த்து இரண்டு வருடமாகியும் படபடப்பு அடங்காதவன்.

கொக்கி அங்கிள் போனை எடுத்தால் ஹலோ சொல்ல மாட்டார். "கட்டத் தெரியுமா?" என்பதுதான் முதல் கேள்வி. தெரியும் என்றால் போனை வைத்துவிடுவார். ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை, "கட்டத் தெரியும் அங்கிள், காலையில நேரம் இல்லை, அவசரத்துக்கு ஒண்ணு வேணும்" என்று கெஞ்சியிருக்கிறார். "அப்ப அஞ்சு நிமிஷம் முன்னாடி எந்திரிங்க டீச்சர். என் சரக்கு தெரியாதவங்களுக்கு மட்டும்தான்!" டொக்.

தெரியாது என்றும் யாரும் லேசில் ஒப்புக்கொள்வதில்லை.

"எனக்கில்லை அங்கிள். தெரிஞ்ச ஒருத்தங்களுக்கு."

"அந்தத் தெரிஞ்சவங்க உயரம் என்ன?"

"அஞ்சு ரெண்டு."

"செருப்போடயா, இல்லாமயா?"

"இருங்க, கழட்டி... இல்ல, அவங்களுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்றேன்."

அங்கிள் சிரிக்க மாட்டார். அந்தத் 'தெரிஞ்சவங்க' செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வரும்வரை பொறுமையாக லைனில் இருப்பார். வங்கியில் வேலை பார்த்த அவருடைய மருமகன் ஒருமுறை, "மாமா, பஞ்சாபி சூட்டும் போடுங்க லா, கேக்குறாங்க" என்று யோசனை சொன்னான். "பஞ்சாபி சூட் வாங்க யாருக்குடா வெக்கம்? வெக்கம் இருக்கிற இடத்துலதான் எனக்கு வேலை" என்று அவனைப் படிவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

கல்யாண வீடுகளுக்கு அவர் போவதில்லை. போனால் மண்டபத்தில் பாதிப் பெண்களுக்குச் சோறு இறங்காது. தெருவில் வாடிக்கையாளர் எதிரே வந்தால் இவரே குனிந்து, இல்லாத செருப்பு வாரைச் சரிசெய்வார்.

சரக்கை அனுப்பும் விதம்தான் உச்சம். சேலைக்கடைப் பையில் போட்டால் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும் அல்லவா? அதனால் பெரிய சதுர பிஸ்கட் டின்னில் மடித்து வைத்து, மேலே காகிதம் விரித்து, அதன்மேல் இரண்டு அடுக்கு முறுக்கைப் பரப்பி மூடுவார். மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்க வரும் பாய்தான் தபால்காரர். ரொட்டி பாய் முறுக்கு டின் கொண்டுவந்து கொடுத்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? தீபாவளி மாதத்தில் எங்கள் ஊரில் டின் போகாத வீடு கிடையாது. எதிர்வீட்டு டின் நம் வீட்டுக்கு வரும், நம் டின் அடுத்த தெருவுக்குப் போகும். சில டின்கள் இரண்டு தெரு சுற்றிவிட்டுப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வருவதும் உண்டு.

இந்த ஏற்பாட்டில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மாலதிக்குக் கிள்ளானில் மாப்பிள்ளை அமைந்தது. பையன் தங்கமான பையன். பையனின் அம்மாதான் இரும்பு. கிள்ளான் வட்டாரத்தில் மணப்பெண்களுக்குச் சேலை கட்டிவிடுவதில் பெயர் போனவர். கோயில் படியில் ஏறிப்போகும் பெண்ணின் கொசுவத்தைப் பின்னாலிருந்து பார்த்தே இது எந்த ஊர்க் கட்டு என்று சொல்லிவிடுவார் என்பார்கள். பெண் பார்க்க வந்தபோது அவர் வைத்தது ஒரே நிபந்தனை.

"எங்களுக்கு நகை நட்டு ஒண்ணும் வேணாங்க. வேலைக்குப் போகட்டும், கார் ஓட்டட்டும். சேலை மட்டும் தன் கையால கட்டத் தெரிஞ்சிருக்கணும். மத்தவங்க பொண்ணுக்கெல்லாம் நான் கட்டிவிட்டுட்டு, என் மருமக சேலை கட்டத் தெரியாம நின்னா, ஊரு என்னை என்ன சொல்லும்?"

உள்ளே மாலதி, அரைமணி நேரத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டு அக்கா கட்டிவிட்ட சேலையில் மூச்சு விடாமல் நின்றுகொண்டிருந்தாள். என் மனைவியால் உதவ முடியாது. அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். வேலைக்கு வெள்ளை யூனிபார்ம், விசேஷத்துக்கு மலாய்ப் பெண்கள் போடும் தொளதொள பாஜு கூரோங். அவள் சேலை கட்டினால் ஊசிகள்தான் சேலையை உடுத்தியிருப்பது போலத் தெரியும்.

நான்தான் வாயைத் திறந்தேன். "மூணு வயசுலேருந்தே கட்டுவாம்மா."

சம்பந்தியம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். தேதி குறித்தாயிற்று. தையில் கல்யாணம்.

தீபாவளிக்குச் சம்பந்தி வீட்டார் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. பக்கத்து வீட்டு அக்கா அந்தச் சமயம் ஊரில் இல்லை. மாலதி கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் ஹாலுக்கு வருவதற்குள் கொசுவம் அவளை முந்திக்கொண்டு வந்தது. வேறு வழியில்லாமல், ஆபீஸ் போனிலிருந்து கொக்கி அங்கிளைக் கூப்பிட்டேன்.

"கட்டத் தெரியுமா?"

"தெரியாது. எனக்கில்லை, என் மகளுக்கு."

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. "இப்படி நேரா ஒத்துக்கிட்ட முதல் ஆளு நீங்கதான் சார். அளவு சொல்லுங்க."

பக்கத்து மேசை மிஸ்டர் லிம்முக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அளவுகளை நான் ஆங்கிலத்தில் சொல்லவேண்டியதாயிற்று. நீளம் சொன்னேன், சுற்றளவு சொன்னேன், பச்சையில் மாம்பழக் கரை என்பதையும் சொல்லி முடித்தேன். லிம் எட்டிப் பார்த்தார். "கர்ட்டன் ஆ? எத்தனை ஜன்னல் லா?"

"ஒண்ணுதான்" என்றேன், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வழக்கப்படி சம்பந்தி வீட்டுக்குப் பலகாரம் கொடுக்க நான் கிள்ளான் போனேன். வாசல் மேசையில் டின்கள் இருந்தன. திறந்து பார்த்தேன். முறுக்கு, அதிரசம், முறுக்கு. தூக்கிக் காரில் வைத்தேன். சம்பந்தியம்மா கையில் கொடுத்தேன். காப்பி குடித்தேன். நிம்மதியாக வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது.

"சார், டின் வந்துச்சா? காலையிலேயே ரொட்டி பாய்கிட்ட குடுத்துவிட்டேனே. வாசல் மேசையில வச்சிட்டுப் போனேன்னாரு."

நான் மேசையைப் பார்த்தேன். மேசை காலியாக இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அங்கிள் அதிராமல் ஒரு கேள்வி கேட்டார்.

"அவங்க வீட்ல முறுக்கு எவ்வளவு வேகமா தின்பாங்க?"

"பேரப்பிள்ளைங்க நாலு பேர் இருக்காங்க அங்கிள்!"

"அப்ப காரை எடுங்க. மேல ரெண்டு அடுக்குத்தான் போட்டிருக்கேன்."

போகிற வழியில் அங்கிளையும் ஏற்றிக்கொண்டேன். பெடரல் ஹைவேயில் தீபாவளி வாரத்து நெரிசல். கார் நகராதபோதெல்லாம் நான் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தேன். "கல்யாணம் போச்சு. பொண்ணு வாழ்க்கை போச்சு. நானே என் கையால கொண்டுபோய்க் குடுத்துட்டேனே!" அங்கிள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "முறுக்கைக் கொஞ்சம் கெட்டியாவே சுட்டிருக்கேன் சார். பிள்ளைங்க பல்லு லேசுல இறங்காது" என்று ஆறுதல் சொன்னார்.

இறங்கியிருந்தது. நாங்கள் உள்ளே நுழைந்தபோது பிள்ளைகள் வாயெல்லாம் முறுக்குத் தூள். சம்பந்தியம்மா சோபாவில் உட்கார்ந்திருந்தார். மடியில் பச்சைச் சேலை. ஜிப்பை மேலே இழுத்தார். கீழே இழுத்தார். மறுபடி மேலே இழுத்தார். அந்தச் சத்தம் இன்னமும் சில நாட்களில் என் காதில் கேட்கிறது.

"வாங்க சம்பந்தி. முறுக்குக்கு அடியில இது இருந்துச்சு. இது யாருது?"

என் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னுதும்மா."

கொக்கி அங்கிளை நீங்கள் பார்த்ததில்லை என்பதால் சொல்கிறேன். ஆறடி உயரம். நெற்றியில் தொடங்கிப் பிடரி வரை வழுக்கை. அந்த முடியெல்லாம் மீசைக்கு மாற்றலாகி வந்துவிட்டதோ என்று நினைக்கத் தோன்றும். இடுப்பு, ரயில்வேயில் நன்றாகச் சாப்பிட்டவரின் இடுப்பு.

"உங்களுதா?"

"ஆமாம்மா. இவர் வீட்டுக்குப் பலகாரம் குடுத்தேன். டின் மாறிப்போச்சு."

சம்பந்தியம்மா சேலையின் இடுப்புப் பட்டையை விரித்துப் பிடித்தார். அங்கிளைப் பார்த்தார். பட்டையைப் பார்த்தார். "இது உங்களுக்கு ஏறுமா?"

"மூச்சை அடக்கிக்குவேன்."

"எதுக்கு இது உங்களுக்கு?"

"நாடகத்துக்கும்மா. நான்தான் ராணி."

"எந்த நாடகம்?"

"பேசிக்கிட்டு இருக்காங்க."

சம்பந்தியம்மா முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. "நல்லதாப் போச்சு. எங்க கோயில் மண்டபத்துல பொங்கலுக்கு நாடகம் போடுறோம். ராணி வேஷத்துக்கு ஆளே கிடைக்கலை. நீங்களே நடிச்சுக் குடுங்க."

இந்த இடத்தில் வேறு எந்த வியாபாரியாக இருந்தாலும் உண்மையைச் சொல்லித் தப்பித்திருப்பார். ஒரு சேலைக்காக யார் இவ்வளவு தூரம் போவார்கள்? கொக்கி அங்கிள் மீசையைத் தடவிக்கொண்டு, "ஒத்திகை எத்தனை மணிக்கும்மா?" என்று கேட்டார்.

தீபாவளிக்கு வேறு நிறத்தில் வேறு சேலை வந்து சேர்ந்தது. இந்த முறை டின்னைப் போர்வைக்குள் வைத்து நானே சுமந்து வந்தேன். மாலதி அதை உடுத்திக்கொண்டு நான்கைந்து முறை உட்கார்ந்து எழுந்து பரிமாறினாள். சம்பந்தியம்மா, "அழகா இருக்கு" என்று மட்டும் சொன்னார். தப்பித்தோம் என்று என் மனைவி சாமிக்கு விளக்கேற்றினாள்.

ஆனால் அங்கிள் தப்பிக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பஸ் ஏறிக் கிள்ளான் போனார். ராணிக்கு ஒரே வசனம்தான்: "ஐயோ, மகனே!" சொல்லிவிட்டு மயங்கி விழவேண்டும். அவர் விழுவதற்கு முன் கொசுவத்தை ஒதுக்கி, தரையைக் கையால் துடைத்து, பக்கவாட்டில் மெல்லப் படுத்துக்கொள்வாராம். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டு, "அங்கிள், மயங்கி விழுங்க லா! பாய் விரிச்சுப் படுக்காதீங்க!" என்று கத்தியிருக்கிறார். செய்தி பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தது. கோப்பிக் கடையில் "ராணியம்மாவுக்கு ஒரு தே தாரேக்!" என்று கூவினார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. நான் ஒருநாள் மனம் கேட்காமல் படியேறிப் போய், "போதும் அங்கிள், சொல்லிடலாம்" என்றேன். "ஆள் இல்லை!" என்று குரல் வந்தது.

பொங்கல் நாடகத்தன்று மண்டபத்தில் நிற்க இடமில்லை. சம்பந்தியம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து, மாலதியைப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். நான் உட்கார முடியாமல் சுவரோரம் நின்றேன். கல்யாணத்துக்கு இன்னும் சில நாட்கள். இவர் மேடையில் ஏதாவது உளறினால் எல்லாம் முடிந்தது.

ராணி வந்தார். தன் அளவுக்குத் தானே தைத்துக்கொண்ட சிவப்புச் சேலை. மீசையை எடுக்க மறுத்துவிட்டதால் அதன்மேல் பவுடர் அடித்திருந்தார்கள். மண்டபம் இடிந்து விழுவது போலச் சிரிப்பு. பின்வரிசையில் விசில். "ராணி, ஒரு சுத்து சுத்திக் காட்டு!" "யாரு கட்டிவிட்டா சேலை, உன் புருஷனா?" யாரோ வேர்க்கடலையை வீசினார்கள். அது வழுக்கையில் பட்டு எகிறியதில் இன்னொரு சிரிப்பு. அங்கிள் வசனத்தை மறந்துவிட்டார். விளக்கு வெளிச்சத்தில் கண்ணை இடுக்கிக்கொண்டு அப்படியே நின்றார். கைகள் மட்டும் தானாகக் கீழே போய்க் கொசுவத்தைச் சரிசெய்தன.

மாலதி எழுந்தாள்.

"அத்தை, அந்தப் பச்சைச் சேலை என்னோடது. எனக்குக் கட்டத் தெரியாது. அவர் எனக்காகத்தான் அங்க நிக்கிறாரு. சிரிக்க வேணாம்னு சொல்லுங்க."

நான் ஆட்களை இடித்துக்கொண்டு முன்வரிசைக்கு ஓடினேன். சம்பந்தியம்மா மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உக்காரு. எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"அந்தப் பட்டைக்குள்ள அவரோட ஒரு கால்கூட நுழையாது. தீபாவளிக்கு நீ இத்தனை தடவை உக்காந்து எந்திரிச்ச, ஒரு மடிப்பாவது கலைஞ்சுதா? ரயில் சீட்டு மாதிரி விறைச்சு நிக்குது. கையால கட்டுன சேலை அப்படி நிக்குமா?" என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்கப்பா மூணு வயசுன்னு சொன்னப்பவே தெரியும். அந்த ஆளு எப்பத்தான் உன் பேரைச் சொல்லுவாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கடைசி வரைக்கும் சொல்லலையே!"

"அப்ப கல்யாணம்..." என்றேன் நான்.

"மண்டபத்துக்குச் சொல்லியாச்சு சம்பந்தி. இனிமே எங்க போறது? வந்தப்புறம் நான் கட்டச் சொல்லித் தரேன்." பிறகு எழுந்து பின்வரிசையைப் பார்த்து ஓர் அதட்டல் போட்டார். கோயிலுக்கு வெளியே நின்றவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். அந்த அமைதியில் அங்கிளுக்கு வசனம் நினைவு வந்துவிட்டது. "ஐயோ, மகனே!" என்று சொல்லித் தரையைத் துடைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மேடைக்குப் பின்னால் ஓடினேன். அங்கிள் ஒரு மூலையில், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். வியர்வையில் ஜிப் சிக்கிக்கொண்டு, சேலையிலிருந்து வெளியே வர முடியவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கொதித்துவிட்டார்.

"யாரு சொல்லச் சொன்னா? இத்தனை வருஷத்துல ஒரு கஸ்டமர் பேரு என் வாயிலேருந்து வந்ததில்லை. நானே கட்டிக்காத்தேன், உங்க பொண்ணு போட்டு உடைச்சிருச்சு. நாளைக்கு எவ என்னை நம்பிப் போன் போடுவா?"

"மன்னிச்சிருங்க அங்கிள்."

அங்கிள் ஜிப்பை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "கல்யாணம்?"

"நடக்கும்."

"ம்." பவுடர் போன மீசையைத் துடைத்துக்கொண்டார். "முதல்ல இந்தக் கொக்கிங்களைக் கழட்டுங்க சார். சத்தம் போடாமக் கழட்டுங்க. வெளிய என் கஸ்டமருங்க இருக்காங்க."

அவர் பின்னால் நின்று தோளிலிருந்து ஆரம்பித்தேன். ரயில் நூலில் தைத்த கொக்கிகள், ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் உறுதியாக இருந்தன. "என்ன சார், இவ்வளவு நேரம்?" என்று கேட்டார் அங்கிள். கொக்கி இறுகிவிட்டது என்றேன். உண்மையில் அது இறுகவில்லை. எனக்குத்தான் அந்த நேரத்தில் கண் நிறைந்து எதுவும் சரியாகத் தெரியவில்லை.